குப்பையும் முறையீடும்: இங்கிலாந்தில் குடியிருப்போர் பெற்ற ஓர் உரிமையின் வரலாறு

இங்கிலாந்தில் தம் தெருவில் குப்பை அள்ளப்படவில்லை என்று உள்ளூராட்சி மன்றத்துக்கு இன்று புகார் எழுதுகிறவர், தெருவைத் துப்புரவாக வைத்திருப்பது மன்றத்தின் கடமை என்பதில் சிறிதும் ஐயம் கொள்வதில்லை. ஆனால் அந்நாட்டின் வரலாற்றில் மிக நீண்ட காலம் அக்கடமை வீட்டுக்காரரைச் சேர்ந்ததாகவே இருந்தது. ஆகவே முறையீடும் பெரும்பாலும் அண்டை வீட்டாருக்கு எதிராகவே எழுந்தது. கடமை வீட்டிலிருந்து ஆட்சி மன்றத்துக்கு எவ்வாறு மாறியது, அந்த மாற்றத்தில் புகார் செய்பவருக்கு என்ன கிடைத்தது, என்ன கைநழுவியது என்பவற்றை ஆராயாமல் இந்த உரிமையின் மதிப்பை அளவிட இயலாது.

1297ஆம் ஆண்டின் லண்டன் நகர ஆணை, ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலைத் தாமே துப்புரவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. இதை மேற்பார்வையிட வார்டு எனப்பட்ட நகரப் பிரிவுதோறும் 'ஸ்கேவஞ்சர்' என்ற அலுவலர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர்; கழிவை வாரி வண்டியில் ஏற்றிச் செல்லும் உடலுழைப்போ 'ரேக்கர்' எனப்பட்ட கூலியாட்களுக்கு உரியதாக இருந்தது. வார்டில் குடியிருப்போர் ஆண்டுதோறும் கூடும் அவையில், அவர்களிடையே அமைந்த ஜூரர் குழு, சாணக் குவியலையும் அடைபட்ட சாக்கடையையும் தெருவை மறித்த பொருள்களையும், அவற்றுக்குக் காரணமானவர்களின் பெயர்களோடு முறையிட்டது. நகரின் கிழக்கு ஓரத்திலிருந்த போர்ட்சோக்கன் வார்டின் 15ஆம் நூற்றாண்டு முறையீடுகள் இன்றும் எஞ்சியுள்ளன; ஒரே வகைக் குறைகள் அவற்றில் ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வருவதைக் காணும்போது, பெயரைச் சுட்டிக் குறை சொல்ல வழியிருந்தும் அதைத் தீர்க்கும் வழி போதாமல் இருந்தது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

சிறு நகரங்களிலும் நிலைமை இதுவே. ஏவன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்டிராட்ஃபோர்டில், 1552 ஏப்ரலில், ஹென்லி தெருவில் குப்பைமேடு வைத்ததற்காக ஜான் ஷேக்ஸ்பியர் என்பவருக்கு 12 பென்ஸ் அபராதம் விதிக்கப்பட்டது. இவரே பின்னாளில் நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் தந்தையானவர். குப்பைமேடு வைத்திருந்தார் என்பதைவிட, அதற்கென ஒதுக்கப்படாத இடத்தில் வைத்திருந்தார் என்பதே அங்கே குற்றமாகக் கருதப்பட்டது. அபராதம் செலுத்தியவர் அத்தெருவின் குடியிருப்பாளர். நகர ஆட்சியைக் குற்றவாளியாக நிறுத்தும் எண்ணமே அன்று எழவில்லை.

எனினும், முறையீட்டைச் சட்டத்தின் உறுப்பாக்கிய ஒரு முன்மாதிரி மிகப் பழமையானது. 1388இல் கேம்பிரிட்ஜில் கூடிய நாடாளுமன்றம், சாணத்தையும் விலங்குக் குடலையும் பிற அழுகற்பொருள்களையும் நகரங்களை ஒட்டிய அகழிகளிலும் ஆறுகளிலும் கொட்டுவதைத் தடைசெய்து, மீறியவர்களுக்கு 20 பவுண்டு தண்டம் விதித்தது. அச்சட்டத்தை நிறைவேற்றத் தவறினால், அதனால் பாதிப்புற்றதாகக் கருதும் எவரும் மன்னரின் உயர் அலுவலரான சான்சலரிடம் முறையிட்டு ஆணை பெறலாம் என்ற விதி அதில் இடம்பெற்றது. ஆட்சியின் செயலின்மைக்கு எதிராகவே தனிமனிதர் குரல் எழுப்பலாம் என்ற கருத்து இவ்வாறு சட்ட ஏட்டில் பதிவானது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புகாரின் தன்மையை மாற்றியது சாம்பல். லண்டன் வீடுகள் நிலக்கரியை எரித்ததால், குப்பைத் தொட்டியில் சேர்வதில் பெரும்பகுதி சாம்பலும் அரைகுறையாக எரிந்த கரியுமாக இருந்தது. குப்பைக் களங்களில் பெண்கள் சல்லடை கொண்டு அதைப் பிரித்தெடுக்க, பொடிச் சாம்பல் செங்கல் மண்ணோடு கலக்கவும், கரித்துண்டுகள் சூளையை எரிக்கவும் விலைபோயின. எனவே குத்தகைதாரர்கள் குப்பையை அள்ளுவதற்குக் கூலி பெறாமல், அள்ளும் உரிமைக்காக பாரிஷ் எனப்பட்ட திருச்சபை வட்டார ஆட்சிக்குத் தாங்களே பணம் கட்டினர். கட்டட வேலை மந்தமாகிச் செங்கல் தேவை குறைந்தபோது சாம்பலின் விலை சரிந்தது. விலை சரிந்ததும் வண்டி வருவது நின்றது. குடியிருப்போர் தங்கள் வாசலில் கண்ட அழுக்கை அள்ளுகிறவனின் சோம்பலாகவே எண்ணினர். அதன் காரணமோ தொலைவிலிருந்த செங்கற்சூளையில் இருந்தது. அழுகும் பொருள் மிகுந்து சாம்பல் குறைந்த குப்பையால் குத்தகைதாரருக்கு இலாபமில்லை. அள்ளுவோருக்குக் கையில் காசு வைக்க இயலாத ஏழைகளின் தெருக்களோ எளிதில் விடுபட்டன. பொதுப்பணியைச் சந்தை விலையிடம் ஒப்படைத்ததன் சுமை மிக எளியவர்கள்மீதே விழுந்தது என்பது இவ்வரலாற்றில் மறைக்க முடியாத உண்மை. பின்னர் ஆட்சி மன்றங்கள் பொறுப்பேற்ற காலத்தில், குப்பை அள்ள வேண்டும் என்பதற்கு அடையாளமாக 'டி' என்ற ஆங்கில எழுத்து அச்சிட்ட அட்டையை லண்டன் வீட்டார் சன்னலில் வைத்தனர்; 1891ஆம் ஆண்டின் லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம், அள்ளுவோர் வீட்டாரிடம் காசு கேட்பதைக் குற்றமாக்கியது.

லண்டனுக்கு வெளியே, 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இதைவிட ஆழமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. வீட்டுக் குப்பையை அகற்றும் பொறுப்பைத் தானாக ஏற்ற அல்லது ஏற்குமாறு பணிக்கப்பட்ட உள்ளூராட்சி அமைப்பு, வீட்டுக்காரர் எழுத்து மூலம் அறிவித்த பின்னும் தக்க காரணமின்றி ஏழு நாள்களுக்குள் குப்பையை அகற்றத் தவறினால், அதன்பின் செல்லும் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து ஷில்லிங் வரை தண்டம் செலுத்த வேண்டும் என்றும், அத்தொகை அந்த வீட்டுக்காரருக்கே சேர வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 43ஆம் பிரிவு விதித்தது. புகாருக்கு நாள் கணக்கும் பண மதிப்பும் உண்டாயின. தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளும் ஆட்சிக்குச் செலவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் வீட்டுக் குப்பையோடு, வழிப்போக்கர் எறியும் காகித உறை, போத்தல், பொட்டலம் ஆகியவையும் பெரும் சிக்கலாயின. 1954இல் மகளிர் நிறுவனங்களின் தேசியக் கூட்டமைப்பு நிறைவேற்றிய தீர்மானத்திலிருந்து 'பிரிட்டனைத் துப்புரவாக வைப்போம்' என்ற இயக்கம் பிறந்தது; 1958ஆம் ஆண்டின் குப்பைச் சட்டம் எறிபவருக்குப் பத்து பவுண்டு வரை அபராதம் விதித்ததேயன்றி, அள்ளாத மன்றத்தின்மீது குடியிருப்போருக்கு எந்தப் பிடியையும் தரவில்லை. அப்பிடி கிடைத்தது 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில்தான். பொதுச் சாலைகளையும் தம் பொறுப்பிலுள்ள திறந்த நிலங்களையும் இயன்றவரை குப்பையின்றி வைத்திருக்கும் கடமையை அதன் 89ஆம் பிரிவு மன்றங்களுக்கு விதிக்க, 91ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட எவரும் ஐந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாடிக் குப்பை அகற்றும் ஆணை பெறலாம் என்கிறது. குறை உண்மையானதென்றும் புகாருக்குத் தக்க அடிப்படை இருந்ததென்றும் நீதிமன்றம் கண்டால், வழக்குத் தொடுத்தவரின் நியாயமான செலவையும் மன்றமே ஏற்க வேண்டும்.

ஆயினும் இந்த வழியில் நீதிமன்றம்வரை செல்வோர் மிகச் சிலரே. ஆணையை மீறும் மன்றம் கட்டும் அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகிறது. கறைபட்ட தெருவில் அன்றாடம் நடந்து, சான்று திரட்டி, மனு எழுதி, வழக்குநாளில் வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. 1875ஆம் ஆண்டின் ஐந்து ஷில்லிங் சிறு தொகைதான்; ஆனால் அது குறை சொன்னவரின் கைக்கே நேரடியாக வந்தது. அவ்வகையில், இங்கிலாந்தின் குடியிருப்போருக்குப் பழைய சட்டம் தந்த கருவியே இன்றுள்ளதைவிடக் கூரியது.