சம்பள ஏட்டில் இல்லாத சாப்பாடு: உணவகத் தொழிலாளர்க்கான நெருக்கடிக் கால நிதியுதவி

கொரோனாத் தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 24 அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. உணவகங்களில் பார்சலுக்கு மட்டும் அனுமதி இருந்தது. இலை போட்டுப் பரிமாறும் வேலை நின்றது. கடையின் மாடியறையில் பாய் விரித்துப் படுத்து, விடியுமுன் எழுந்து சட்னிக்குத் தேங்காய் உடைத்துவந்த ஒருவருக்கு அந்த மாலையில் என்னென்ன போயின என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பளம் போயிற்று. மூன்று வேளைச் சாப்பாடு போயிற்று. படுக்கும் இடம் போயிற்று. பில் தட்டில் சோம்போடு சேர்ந்து கிடக்கும் டிப்ஸும் போயிற்று. தறி நின்றாலும் நெசவாளிக்கு வீடு மிஞ்சும்; ஓட்டம் நின்றாலும் ஆட்டோக்காரருக்கு வண்டி மிஞ்சும். சப்ளையருக்கும் தோசை மாஸ்டருக்கும் டேபிள் துடைக்கும் பையனுக்கும் மிஞ்சியது ஊருக்குத் திரும்பும் வழி மட்டுமே. பேருந்தும் ரயிலும் நின்றபோது அதுவும் அடைபட்டது.

நெருக்கடிக் காலத்தில் அரசு தரும் உதவி, இழப்புக்கு முன்பே எழுதிவைத்த ஏட்டைப் பார்த்துத்தான் வருகிறது. உணவகத் தொழிலாளியின் வருமானத்தில் கணிசமான பகுதி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதனால் அவருக்கு வரவேண்டிய உதவி வழியிலேயே சுருங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சப்ளையர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டை நாளொன்றுக்கு 150 ரூபாய் என மதித்தால் மாதம் 4,500. மாடியறைக்கு 2,000. டிப்ஸ் நாளுக்கு 100 வீதம் 26 நாளைக்கு 2,600. ஆக, அவர் வாழ்க்கை நடந்தது 21,100 ரூபாயில். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் வேலையிழந்தோருக்கான நிவாரணத்தை 2020 மார்ச் 24 முதல் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தி, 90 நாள் வரை வழங்க முன்வந்தது. நல்ல முடிவு. முதலாளியின் கையொப்பத்துக்குக் காத்திராமல் தொழிலாளியே நேரில் விண்ணப்பிக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது அதைவிட நல்ல முடிவு. ஆனால் அப்போதிருந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் ஊதியம் என்பது பணமாகத் தரப்பட்டது மட்டுமே. நம் சப்ளையருக்குக் கிடைக்கக்கூடியது 6,000 ரூபாய்; உண்மை வருமானத்தில் 28 விழுக்காடு. அதுவும் இரண்டு ஆண்டுக் காப்பீட்டு வேலை இருந்து, கடைசிப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடையில் இந்தக் கணக்கே எழாது.

மாநில அரசின் உதவியும் அட்டையைத் தேடித்தான் வந்தது. அரிசி அட்டைதாரர் குடும்பத்துக்கு 1,000 ரூபாய். கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் உள்ளிட்ட நல வாரிய உறுப்பினர்க்கு 1,000 ரூபாய். சென்னை மெஸ்ஸில் பாத்திரம் கழுவிய அசாம் இளைஞரிடம் இந்த இரண்டு அட்டையும் இல்லை.

தொழிலாளிக்குக் கைகொடுக்கும் உண்மையான அவசர நிதி வேறொன்று. அதற்கு அட்வான்ஸ் என்று பெயர். தங்கை கல்யாணம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். அதில் மனிதத்தன்மை உண்டு. நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொடுத்தது கழியும்வரை வேறு கடைக்குப் போக முடியாது, கூலி உயர்வு கேட்க வாய் எழாது. ஊரடங்கில் கல்லாவே வறண்டது. தொழிலாளியின் வேலையும் அவருடைய காப்பும் ஒரே இடத்தில் இருந்ததால் இரண்டும் ஒன்றாகச் சரிந்தன.

முதலாளியைக் காப்பாற்றினால் தொழிலாளி பிழைப்பார் என்ற வாதத்தை இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். சிறு கடைக்காரரும் வாடகை கட்ட முடியாமல் தவித்தார் என்பதை மறுக்க முடியாது. முழு ஊதியம் தரவேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை இட்ட ஆணை மே 18 முதல் விலக்கப்பட்டது. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரில் இருக்கும் பரோட்டா மாஸ்டர் யாரோடு உட்கார்ந்து பேசுவது? அவசரக் கடன் உறுதித் திட்டம் 2021 மார்ச் இறுதியில் விருந்தோம்பல் துறைக்கும் விரிந்தபோது, அந்தக் கடன் உணவக நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போனது. அமெரிக்காவில் இதே நெருக்கடியில் நிறுவனங்களுக்குத் தந்த கடனை முழுதும் தள்ளுபடி செய்ய, முதலில் 75 விழுக்காட்டையும் பின்னர் 60 விழுக்காட்டையும் சம்பளத்துக்கே செலவிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நிறுவனத்தின் வழியாகத்தான் உதவி என்றால், குறைந்தபட்சம் அப்படி ஒரு கயிறு வேண்டும்.

ஏட்டின் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டன் அரசு ஊரடங்கில் வேலை நின்றவர்களின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்போடு, ஏற்றுக்கொண்டது. டிப்ஸைக் கணக்கில் சேர்க்கவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச மணிக்கூலி 1991 முதல் 2.13 டாலரிலேயே நிற்கிறது. ஏட்டில் ஏறாத டிப்ஸ் வேலையின்மை உதவியிலும் ஏறாது. அங்கே 2020 ஜூலை இறுதிவரை வேலையின்மை உதவி பெற்ற எல்லோருக்கும் வாரம் 600 டாலர் ஒரே தொகையாகக் கூடுதலாகத் தரப்பட்டது. விழுக்காட்டைவிட ஒரே தொகை குறைந்த கூலிக்காரருக்கு நியாயமானது என்று நான் கருதுவதற்கு, அது ஏட்டில் உள்ள கூலியைப் பார்த்துச் சுருங்குவதில்லை என்பதே காரணம்.

உதவி யாருக்கு என்று எப்படி அறிவது என்பார்கள். விடை உணவகத்தின் உள்ளேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011இல் வந்த விதிமுறைகளின்படி, உணவைக் கையாளும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். பதிவுபெற்ற மருத்துவர் கையொப்பமிட்ட சான்று கடையில் இருக்க வேண்டும். சாப்பிட வருபவருக்கு நோய் வரக்கூடாது என்பதற்காக இந்தத் தொழிலாளியின் உடலைப் பதிவுசெய்ய அரசுக்குச் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவே அவர் பட்டினி கிடக்கும் நாளில் அவரைத் தேடிப் போகவும் உதவலாம். எல்லாக் கடைகளும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. தெருவோரத் தள்ளுவண்டிகள் விடுபடும். ஆனால் உதவியே இந்தச் சான்றோடு கட்டப்பட்டால், சான்று கேட்டு வாங்குவதில் தொழிலாளிக்கும் அக்கறை பிறக்கும்.

ஆகவே உணவுப் பாதுகாப்புத் துறையும் தொழிலாளர் துறையும் ஒன்று சேர்ந்து ஒரு சிறு காரியம் செய்ய வேண்டும். அந்த மருத்துவச் சான்றுப் படிவத்தில் தொழிலாளியின் வங்கிக் கணக்கு எண்ணுக்கு ஒரு கட்டம் சேருங்கள். சான்றின் ஒரு படி கடையில் இருக்கட்டும். ஒன்று தொழிலாளர் துறைக்குப் போகட்டும். ஒன்று தொழிலாளியின் கையில் இருக்கட்டும்.