வென்ற தளபதிக்கும் கில்லட்டின்

1793 செப்டம்பர் 8 இரவு. டன்கிர்க் துறைமுகத்தை வளைத்து நின்ற யார்க் கோமகனின் படை, முற்றுகைப் பீரங்கிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்வாங்கியது. பக்கத்து ஓண்ட்ஸ்கூட்டில் மூன்று நாள் போரிட்டு அந்த வளையத்தை உடைத்தவர் பிரெஞ்சுத் தளபதி ஊஷார். முகமெல்லாம் வாள்வெட்டுத் தழும்பு சுமந்த பழைய போர்வீரர். நவம்பரில் அவர் தலையைப் பாரிஸ் கில்லட்டின் வெட்டியது. தோற்றோடிய எதிரியைத் துரத்தி அழிக்கவில்லை என்பதே முக்கியக் குற்றச்சாட்டு!

பிரெஞ்சுப் புரட்சி ஏன் இந்த நிலைக்கு வந்தது?

அந்த ஆண்டு ஆஸ்திரியா, பிரஷ்யா, பிரிட்டன், ஹாலந்து, ஸ்பெயின் எல்லாம் பிரான்ஸுக்கு எதிரே நின்றன. புதுச்சேரியைக்கூட ஆகஸ்டில் பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் பிரெஞ்சுப் படைகள் பின்வாங்கும் செய்தி வந்ததும், மார்ச் 10 அன்று புரட்சித் தலைவர் டான்டனின் வற்புறுத்தலில் புரட்சி நீதிமன்றம் பிறந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் சிறைகளுக்குள் கும்பல் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அரசே கடுமை காட்டினால் மக்கள் சட்டத்தைக் கையில் எடுக்கமாட்டார்கள் என்பது டான்டனின் வாதம். அடுத்த மாதமே தளபதி துமூரியே ஆஸ்திரியர் பக்கம் தாவினார். அதன்பின் எந்தத் தளபதி மேலும் சந்தேகம் விழுந்தது.

பாரிஸ் அஞ்சிய அந்தக் கூட்டணிக்குள் ஒற்றுமை இருந்ததா என்றால், இல்லை. லண்டனுக்கு டன்கிர்க் வேண்டும். ஆஸ்திரியாவுக்கு எல்லைக் கோட்டைகள் வேண்டும். பிரஷ்யாவின் கண்ணோ போலந்தைப் பங்கு போடுவதில். கோடையில் பாரிஸை நோக்கி நகர வாய்ப்பிருந்தும் படைகள் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போயின. ஓண்ட்ஸ்கூட் வெற்றிக்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம்.

ஆபத்துதான் கடுமைக்குக் காரணம் என்றால், ஆபத்து குறையும்போது கடுமையும் தணிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1794 ஏப்ரலில் டான்டனையே அந்த நீதிமன்றம் கொன்றது. ஜூன் 10 அன்று ஆட்சியை வழிநடத்திய ரோபஸ்பியரின் தோழர் கூத்தோன் கொண்டுவந்த சட்டம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது என்றது. சாட்சி விசாரணையும் கட்டாயமில்லை. விடுதலை, இல்லையேல் மரணம்; நடுவில் வேறு தண்டனை இல்லை. ஜூன் 26 அன்று ஃப்ளூருஸில் பிரான்ஸ் பெருவெற்றி பெற்று ஆஸ்திரியரைப் பின்வாங்க வைத்தது. அப்போதும் கில்லட்டின் ஓயவில்லை. அந்தச் சட்டத்துக்கு முந்தைய பதினைந்து மாதங்களில் பாரிஸில் இந்த நீதிமன்றம் கொன்றவர்கள் ஏறத்தாழ 1,250 பேர். புதிய சட்டம் வந்தபின் ஏழே வாரங்களில் 1,350க்கும் மேல்.

எதிரிக் கூட்டணி உண்மை; அதன் மிரட்டலும் உண்மை. அதற்காக இந்த உயிர்களுக்கு நியாயம் கற்பிக்க என்னால் முடியவில்லை. எல்லையில் வென்றுகொண்டிருந்த அரசு, வழக்காடும் உரிமையையே பறித்துச் செய்த கொலைகள் இவை.

ஜூலை 28 அன்று ரோபஸ்பியரும் கூத்தோனும் அதே கில்லட்டினில் மாண்டார்கள். அந்த நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞர் ஃபூக்கியே தன்வில்லின் முறை 1795 மே 7 அன்று வந்தது. அவர் மீதான விசாரணை மட்டும் சாட்சிகளோடு ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது.

(தொடரும்)