வீதிப் பெயர்களும் உயிர்க்காப்பும்: இலண்டன் மாநகர வரலாற்றில் ஒரு நோக்கு

வீதியொன்றின் பெயர் இருவகைப் பணிகளை ஆற்றுகின்றது. ஓரிடத்தை ஏனைய இடங்களினின்றும் பிரித்தறியச் செய்வது ஒன்று. அவ்விடத்தோடு தொடர்புடைய நினைவுகளைப் பேணுவது மற்றையது. வழமையான நாட்களில் இவ்விரண்டும் முரண்படுவதில்லை. வீடொன்று தீப்பற்றி எரியும் வேளையிலோ முதலாவது பணியே உயிர் காக்கும் பணியாகிவிடுகின்றது. அவ்வேளையில் ஒரே பெயர் பல வீதிகளுக்கு உரியதாயின் விளைவு யாது? இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விடை காண முயன்ற நகரங்களுள் இலண்டன் குறிப்பிடத்தக்கது.

இலண்டன் ஒருவரது திட்டத்தின்படி எழுந்த நகரமன்று. தனித்தனிக் கிராமங்களும் கோயிற்பற்றுக்களும் நிலக்கிழாரின் காணிகளும் காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைந்தே அது வளர்ந்தது. ஒவ்வொரு பகுதியினரும் அயற்பகுதியைக் கருதாது தத்தம் வீதிகளுக்குப் பெயரிட்டனர். அரசர்க்குரிய வீதி, அரசிக்குரிய வீதி, தேவாலய வீதி என்பன நகரின் பல மூலைகளிலும் தோன்றியமைக்கு இதுவே காரணமாகும். அயலவர் தம்முள் மட்டும் பழகிய காலத்தில் இதனாற் பெருந்தீங்கு விளையவில்லை. 1855 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த பெருநகரப் பணிகள் சபையே வீதிப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் முயற்சியைப் பரவலாக மேற்கொண்டது. 1857, 1858 ஆம் ஆண்டுகளில் இலண்டன் பத்து அஞ்சல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. அக்கால முயற்சிகளிற் கடிதம் உரியவரைச் சென்றடைதல் முக்கிய நோக்கமாயிருந்தது. வழிதவறிய கடிதம் ஒரு நாள் பிந்தலாம். தீயணைப்பு வண்டி அவ்வாறு பிந்தலாகாது.

1861 ஆம் ஆண்டு தூலி வீதியில் நேர்ந்த பெருந்தீயில் தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெயிட்வூட் உயிரிழந்தார். இதன் பின்னர், அதுவரை காப்புறுதிக் கம்பனிகளின் பொறுப்பிலிருந்த தீயணைப்புப் பணி 1866 ஆம் ஆண்டு முதல் பொதுப்பணியாயிற்று. 1880 ஆம் ஆண்டளவில் வீதியோரங்களில் தீ அறிவிப்புக் கம்பங்கள் நாட்டப்படலாயின. கண்ணாடியை உடைத்துக் கைபிடியை இழுத்தால், எக்கம்பத்திலிருந்து அழைப்பு வந்தது என்பதை நிலையத்தார் உடன் அறிந்தனர். அழைத்தவர் வீதியின் பெயரைக் கூறவேண்டிய தேவையே இருக்கவில்லை. இது பின்வரும் மாற்றத்தை விளங்கிக்கொள்ள இன்றியமையாததாகும்.

தொலைபேசி பரவியபோது இந்நிலை மாறியது. வீட்டிலிருந்தே உதவி கோரும் வாய்ப்புக் கிட்டியது. ஆயினும் இடத்தைக் காட்டும் பொறுப்பு முழுவதும் அழைப்பவரின் வாய்ச்சொல்லைச் சார்ந்ததாயிற்று. 1935 நவம்பரில் விம்போல் வீதியில் ஏற்பட்ட தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர். அயலவர் ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றபோது தொலைபேசி நிலையத்தில் உரிய நேரத்தில் இணைப்புக் கிடைக்கவில்லை. அங்கு தாமதத்தை விளைத்தது வீதியின் பெயரன்று, இணைப்பு முறையே. அந்நிகழ்ச்சியின் விளைவாக 1937 யூன் 30 ஆம் திகதி இலண்டனில் 999 என்னும் அவசர அழைப்பு இலக்கம் நடைமுறைக்கு வந்தது. அவ்வழைப்பு வந்ததும் நிலையத்திற் சிவப்பு விளக்கு எரிந்து ஒலியும் எழுந்தது. இணைப்பிலிருந்த தடை இவ்வாறு நீங்கியது. எனினும் அச்சத்தால் நாத்தளர்ந்த ஒருவர் ‘தேவாலய வீதி’ என்று மட்டும் கூறித் தொலைபேசியை வைத்துவிடின், அது எத்தேவாலய வீதி என்பதை எவ்விளக்கும் காட்டமாட்டாது.

அக்காலத்திலேயே இலண்டன் கவுண்டி சபை, தன் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்டு வழங்கிய பெயர்களைப் பெருந்தொகையாக மாற்றியது. சபையின் வழிகள் பலவாக இருந்தன. சில இடங்களிற் பழைய பெயருக்கு முன்னர் ஊர்ப்பெயர் சேர்க்கப்பட்டது. ஸ்ரோக் நியூவிங்ரன் தேவாலய வீதி இதற்கு எடுத்துக்காட்டு. சில இடங்களில் அயலிற் பிறந்த பெரியாரின் பெயர் இடப்பட்டது. சோகோவிலிருந்த தேவாலய வீதி 1937 இல் றொமிலி வீதியாயிற்று. சட்டச் சீர்திருத்தவாதியான சாமுவேல் றொமிலி அருகிலுள்ள பிறித் வீதியிற் பிறந்தவர். வேறு சில இடங்களிற் பழைய பெயரின் அடிச்சொல்லைப் பேணி ஈறு மட்டும் சேர்க்கப்பட்டது. 1936 இல் புறோட் வீதி புறோட்விக் வீதியானது இவ்வகையினதாகும்.

இறுதியாகக் கூறப்பட்ட வீதியின் வரலாறு தனித்து நோக்கற்பாலது. 1854 ஆம் ஆண்டு அப்பகுதியில் பரவிய கொலரா அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மாண்டவர்களின் முகவரிகளை ஆராய்ந்த வைத்தியர் ஜோன் ஸ்னோ, புறோட் வீதியின் நீர்ப்பம்பியே நோயின் ஊற்று என நிறுவ முயன்றார். அவரது வேண்டுகோளின்பேரில் அதன் கைபிடி அகற்றப்பட்டது. முகவரிகள் இன்றேல் அவ்வாராய்ச்சியே இல்லை. பொதுச் சுகாதார வரலாற்றில் நிலைபெற்ற அவ்வீதியே முகவரித் தெளிவின் பொருட்டுத் தன் பெயரை இழந்தது. இன்று ‘புறோட் வீதிப் பம்பி’ பற்றிப் படிக்கும் மாணவர் இலண்டன் வரைபடத்தில் அப்பெயரைச் சோகோவிற் காணார். பெயர் மாற்றத்தின் விலை இதுவே. அவ்விலை வீணாகக் கொடுக்கப்பட்டதன்று. அடிச்சொல் எஞ்சியமையால் இழப்பும் முழுமையானதன்று.

பெயர் மாற்றம் ஒன்றே இப்பிரச்சினைக்குத் தீர்வாக அமையவில்லை. 1965 இற் பெரு இலண்டன் முப்பத்திரண்டு பரோக்களையும் பழைய சிற்றி நகரையும் கொண்டதாக விரிந்தபோது, புறநகர்களின் தேவாலய வீதிகளும் உயர் வீதிகளும் மீண்டும் ஓரெல்லைக்குள் வந்தன. அவை யாவும் பெயர் மாறவில்லை. பிரித்தறியும் பணியின் பெரும்பங்கை அஞ்சற் குறியீடு ஏற்றது. இன்று கைத்தொலைபேசியே அழைப்பவரின் இருப்பிடத்தைக் காட்டவல்லது. பழைய அறிவிப்புக் கம்பத்தின் பண்பு புதிய வடிவிற் திரும்பியுள்ளது எனலாம். ஆயினும் கருவிகள் தவறும் வேளையில் மனிதரின் வாய்ச்சொல்லே எஞ்சும். எனவே பழைய பெயரைக் காக்க விழைவோரும் புதிய பெயரை வேண்டுவோரும் ஒருங்கே ஏற்கவேண்டிய அளவுகோல் ஒன்றுண்டு: நடுக்கத்தோடு உரைப்பவரின் ஒரு சொல்லிலிருந்து, அறியாத ஒருவர் உரிய வாயிலை அடைதல் வேண்டும். அவ்வளவுக்கு மட்டும் மாற்றுக. எஞ்சியதை நினைவுக்கு விடுக என்பதே இலண்டனின் பட்டறிவு உணர்த்தும் பாடமாகும்.