நிரல் எழுதுவோரின் சிட்டா

கணக்கு எழுதுகிறவன் தப்பை அழிக்க மாட்டான். தவறான பற்றுக்கு எதிரே ஒரு வரவு எழுதி, காரணத்தையும் குறித்து வைப்பான். சிட்டாவில் சுரண்டிய தடம் தெரிந்தால் அந்தப் பக்கத்தையே யாரும் நம்ப மாட்டார்கள். கம்ப்யூட்டர் நிரல் எழுதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஒரு சிட்டா வைத்திருக்கிறார்கள். எந்த வரியை, யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். 'வெர்ஷன் கன்ட்ரோல்' என்பார்கள். அதன் ஐம்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால், அந்தச் சிட்டா யார் கையில் இருப்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது.

1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் 'எஸ்.சி.சி.எஸ்.' என்ற கருவியை உருவாக்கினார். ஒவ்வொரு தடவையும் முழு நகல் எடுக்காமல், மாறிய வரிகளை மட்டும் அது சேமித்தது. அடுத்து வந்தது பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி 1982-இல் செய்த 'ஆர்.சி.எஸ்.'. இரண்டிலும் ஒரு கஷ்டம். ஒருத்தர் திருத்த எடுத்தால் கோப்புக்குப் பூட்டு விழுந்துவிடும். அவர் பூட்டைத் திறக்காமல் ஊருக்குப் போய்விட்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு வழி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தது. டிக் க்ரூன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் இருவரும் ஒரே நிரலில், வெவ்வேறு நேரங்களில் வேலை செய்தார்கள். அதற்காக அவர் எழுதி 1986-இல் வெளியிட்டதே 'சி.வி.எஸ்.'. அவரவர் நகலில் திருத்தலாம். பிறகு ஒன்றாகச் சேர்க்கலாம். இருவர் ஒரே வரியில் கைவைத்திருந்தால் மட்டும் உட்கார்ந்து பேசித் தீர்க்கணும். ஆனால் மூலச் சிட்டா ஒரே இயந்திரத்தில்தான் இருந்தது. 2000-இல் தொடங்கப்பட்ட 'சப்வெர்ஷன்' பல குறைகளைத் தீர்த்தாலும், இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

2005-இல் சோதனை வந்தது. லினக்ஸ் நிரலாளர்கள் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற தனியார் கருவியை நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஒரு தகராறில் நிறுவனம் இலவச அனுமதியை நிறுத்திக்கொண்டது. பல நாட்டவரின் உழைப்பு அடுத்தவர் பெட்டகத்தில் இருந்ததன் விலை அப்போது புரிந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலிலேயே 'கிட்' எழுதத் தொடங்கினார். ஜூனிலேயே லினக்ஸ் 2.6.12 அதன் துணையோடு வெளியானது. ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார்.

கிட்டில் ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறும் இருக்கும். முன்பக்க மீதியைக் கொண்டுவந்து எழுதுவது போல, ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் முந்தைய பதிவின் எண்ணையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பழைய பதிவை யாராவது திருத்தினால், அதன்பின் வரும் எண்கள் எல்லாமே மாறிவிடும். பிறர் நகலோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

2008-இல் வந்த 'கிட்ஹப்' என்ற பொதுக் கிடங்கை 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று பலருடைய நிரலும் அங்கேதான் இருக்கிறது. கிடங்கு யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. கையில் சொந்த நகல் இருக்கணும்.

இன்னொன்றை எந்தக் கருவியும் தராது. யார், எப்போது என்பதைக் கருவி தானே குறித்துக்கொள்ளும். எதற்காக என்பதை மனிதன்தான் எழுத வேண்டும். 'சில திருத்தங்கள்' என்று மொட்டையாக எழுதினால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. ஒரு பதிவில் ஒரு மாற்றம், அதன் கீழ் இரண்டு வரியில் காரணம் என்று பழகிக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் உங்களை வாழ்த்துவார்.