ஏர்வாடியும் முத்துசாமி கோயிலும்: மனநோய்ச் சிகிச்சையில் இறைநம்பிக்கை

சென்னையில் மனநோயாளர் காப்பகம் 1794ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டு, 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. ஆயினும் நாட்டுப்புற மக்கள் முதலில் நாடியது கோயிலையும் தர்காவையுமே. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கி, பூசை வேளையில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்பெறுவது இன்றும் உள்ள வழக்கம். எங்கள் களமருதூர்ப் பக்கத்தில் "காத்து கருப்பு" என்று சொல்லி முதலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். அவ்வாறு கட்டிய பிள்ளைகளை வகுப்பில் கண்டும், பெற்றோரிடம் மருத்துவரைப் பற்றிப் பேச நானே தயங்கியதுண்டு.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவிற்கு எல்லா மதத்தினரும் வருவர். அதனைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பெருகின. உறவினர் பணம் கட்டி விட்டுச் செல்ல, நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டனர். 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. ஓட இயலாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்கிறது.

இதனால் நம்பிக்கையே கேடு என்று முடிவு கட்டலாமா? தீவிபத்திற்கு முந்தைய ஆண்டு, திண்டுக்கல் மாவட்டத்து முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்தனர். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளர். அங்குக் கட்டணம் இல்லை. வீட்டார் ஒருவர் உடனிருப்பார். காலையில் சிறிய பூசை. பின்னர்ச் செடிக்கு நீர் ஊற்றுதல், கோயிலைப் பெருக்குதல் போன்ற வேலைகள். மருந்து தரப்படவில்லை. சராசரியாக ஆறு வாரத்தில் நோயறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாக 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். ஆய்வு சிறியது, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆகவே மருந்தை நிறுத்த இது சான்றாகாது. குணம் தந்தது தெய்வமா, பரிவான சூழலா? ஆய்வாளர் சூழலையே சுட்டினர். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. ஏர்வாடிக் காப்பகத்தில் இல்லாமற்போனதும் அதுதான்.

குஜராத்தின் உனாவா தர்காவில் 2008இல் "தவா-துவா" திட்டம் தொடங்கியது. தவா என்பது மருந்து, துவா என்பது பிரார்த்தனை. தர்காவின் முஜாவர்களே நோயாளியை அங்குள்ள மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தனர். பின்னர் ஏர்வாடியிலும் இம்முறை வந்தது. துவாவை விடச் சொல்லாததால் வீட்டார் மாத்திரைக்கும் இசைகின்றனர்.