மரக்கலயா: நம்மை அழைக்கும் சொல்லுக்குள் இருக்கும் படகு

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

சிங்களத்தில் நம்மை "மரக்கல மினிஸ்ஸு" என்பார்கள். சாதாரணமாகச் சொன்னால் அது வெறும் இனப்பெயர். கோபத்தில் சொன்னால் "மரக்கலயா" ஆகி, "வந்தவன், போகவேண்டியவன்" என்ற அர்த்தம் அதில் ஏறிவிடும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இன்னும் முகம் மாறுகிறது. தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "சேர், நாங்க கப்பலில வந்தவங்க எண்டா, கண்டிக்கு எப்படி வந்தோம்? மகாவலியில கப்பல் வராதே?"

நல்ல கேள்வி. வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் "அராபிய வணிகர் வந்தனர், துறைமுகங்களில் குடியேறினர், பின்னர் கண்டி இராச்சியத்துக்குச் சென்றனர்" என்று மூன்று வரியில் முடிந்துவிடும். அந்த "பின்னர் சென்றனர்" என்பதற்குள்தான் விசயம் முழுக்க இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மரக்கலம் என்பது பழைய தமிழ்ச் சொல். மரத்தால் செய்த கலம், அதாவது கப்பல். மரக்கலராயர் என்பதே மரைக்காயர் ஆனது என்பது பலருடைய கருத்து. அரபியில் கப்பலுக்கு "மர்கப்" என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் சொல்லின் நடுவில் ஒரு படகு நிற்கிறது. அது எப்படிப்பட்ட படகு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மாணவனின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

படகை எதை வைத்து அளப்பது? நம் பெடியன்கள் போனில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களில் பெரிய மீனைத் தூண்டிலில் பிடிக்கும் சொகுசுப் படகுகள் வரும். கோடிக்கணக்கான விலை. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது என்ஜினுக்கும் வேகத்துக்கும் அப்பால் இரண்டு அளவுகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஒன்று, பின்பக்கத்தில் ஆட்கள் நின்று வேலை செய்யும் திறந்த தளம் எவ்வளவு பெரியது. அதை கொக்பிட் என்கிறார்கள். மற்றது, படகின் அடி தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கிறது. அதற்கு டிராஃப்ட் என்று பெயர், நான் அமிழ்வு என்கிறேன். அமிழ்வு குறைந்தால் கரையோர மணல்திட்டு, பவளப்பாறை, களப்பு எல்லாவற்றுக்கும் மேலால் போகலாம். கூடினால் பெரிய அலையிலும் ஆடாமல் நிற்கும், ஆனால் கரைக்குக் கிட்ட வரமுடியாது.

எழுத்தாளர் ஹெமிங்வே 1934இல் நியூயோர்க்கில் வாங்கிய "பிலார்" என்ற படகு 38 அடி நீளம். அமிழ்வு மூன்றரை அடிதான். பெரிய மீனை இழுத்து ஏற்றுவதற்காகப் பின்பக்கச் சுவரைத் தாழ்த்தி, அதன் மேல் ஓர் உருளையும் பூட்டிக்கொண்டார். வேலை செய்ய இடமும் வேண்டும், ஆழமற்ற தண்ணீரிலும் ஓடவேண்டும். நம் கடற்கரை மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகத் தீர்த்துவந்த அதே கணக்குத்தான். ஒவ்வொரு கரையும் தனக்கேற்ற விடையைக் கண்டுபிடித்தது. தென்கரையின் ஒருவ என்ற வள்ளம் ஒரு மரத்தைக் குடைந்தது. பக்கத்தில் ஒரு மிதவைக் கட்டை. அமிழ்வு மிகக் குறைவு, ஓட்டம் அம்பு மாதிரி, ஆனால் உள்ளே இரண்டு காலையும் சேர்த்து வைக்க இடமில்லாத ஒடுக்கம். கரைவலைத் தோணி அதற்கு நேர்மாறு. முழு வலையையும் அடுக்கவேண்டும் என்பதால் அகலம், தட்டையான அடி.

இப்போது நம் கதைக்கு வருவோம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் ஆதாம் பாலம் என்ற மணல்திட்டு வரிசை கிடக்கிறது. பல இடங்களில் ஓரிரு மீற்றர் தண்ணீர்தான். அரபுக் கடலிலிருந்து வரும் ஆழ அமிழ்வுக் கப்பலுக்கு அது பூட்டிய கதவு. தெற்கால் தீவைச் சுற்றித்தான் போகவேண்டும். அந்த வழியில் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் பெரிய இராவணன் பாறைத் தொடர் இருக்கிறது. 1961இல் அங்கே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. எல்லாம் ஒளரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சடித்தவை, ஹிஜ்ரி 1113 என்று பொறித்தவை. (ஆதர் சி. கிளார்க் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆங்கிலம் வாசிக்கும் மாணவர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன்.) பெரிய கப்பல்களின் பாதை அது.

ஆனால் காயல்பட்டினம், கீழக்கரை, மன்னார், கற்பிட்டி, புத்தளம் என்று போய்வந்த முஸ்லிம்களின் படகுகளுக்கு அந்தக் கதவு திறந்தே இருந்தது. அமிழ்வு குறைவு, துடுப்பும் பாயும் இரண்டும் உண்டு, திட்டுகளுக்கு நடுவில் நுழைந்து போய்விடும். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் போர்த்துக்கேயரை நூறு வருடமளவுக்கு அலைக்கழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பீரங்கி ஏற்றிய பெரிய கப்பலோடு நேருக்கு நேர் நின்றால் தோல்விதான், அது அவர்களுக்குத் தெரியும். ஆற்றுவாயிலும் களப்பிலும் மறைந்திருந்து, அடித்துவிட்டு, பெரிய கப்பல் வரமுடியாத தண்ணீருக்குள் திரும்பிவிடுவார்கள்.

அவர்கள் இலங்கை அரசியலுக்குள்ளும் வந்தார்கள். கோட்டை மன்னனுக்குப் போர்த்துக்கேயர் துணை, சீதாவாக்கை மாயாதுன்னைக்கு கோழிக்கோட்டுக் கடற்படை துணை. 1538இல் உதவிக்கு வந்த படை மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் கரையேறி நின்றபோது போர்த்துக்கேயர் துடுப்புப் படகுகளில் வந்து தாக்கி அழித்தார்கள். எதிரியின் அமிழ்வைக் கற்றுக்கொண்ட பிறகுதான் வெற்றி கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அடுத்த வருடம் இன்னொரு படை வந்தது. நிலைமை மோசமானதும் மாயாதுன்னை சமாதானத்துக்கு விலையாக, தனக்கு உதவ வந்த மரைக்காயர் தலைவர்களின் தலைகளைப் போர்த்துக்கேயரிடம் அனுப்பிவைத்தான். நட்பும் துரோகமும் மதம் பார்த்து நடக்கவில்லை, ஆட்சிக் கணக்குப் பார்த்து நடந்தது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டான். நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள் என்று போர்த்துக்கேயக் குறிப்பை வைத்துச் சொல்வார்கள். மலைநாட்டுக் கிராமங்களிலும் முஸ்லிம்கள் குடியிருந்தார்கள். கருணை ஒரு பக்கம் இருக்கட்டும், மன்னனுக்கு அவர்கள் தேவையாகவும் இருந்தார்கள். ஏன் என்று விளங்க மகாவலியைப் பார்க்கவேண்டும்.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர். மகாவலி ஓர் அம்பு பாயும் தூரம் அகலம், ஆனால் பாறையும் பெரும் வீழ்ச்சியும் நிறைந்ததால் படகுப் போக்குவரத்துக்கு உதவாது என்று எழுதுகிறார். சின்னஞ்சிறு வள்ளங்களில் ஆட்கள் அக்கரை போவார்கள். பாலம் கிடையாது, கட்ட முடிந்தாலும் மன்னன் விடமாட்டான், நாடு நுழைய முடியாததாக இருப்பதே அவன் விருப்பம் என்றும் சொல்கிறார். கட்டுகஸ்தோட்டையில் உள்ள "தோட்டை" நம் தோட்டமல்ல. சிங்களத்தில் "தொட்ட" என்றால் ஆற்றுத்துறை. வெறும் துறைதான், அதற்கு மேல் ஆறு வழி தராது.

ஆகவே மாணவனுக்குச் சொன்ன பதில் இதுதான். கப்பல் கண்டிக்கு வரவில்லை. கப்பல் கடலில் நின்றது. அதைவிட அமிழ்வு குறைந்த படகு களப்புக்குள் வந்தது. அதைவிடக் குறைந்தது ஆற்றில் ஏறியது. களனி கங்கையில் பாருவ என்ற தட்டை அடிப் படகுகள், மேலே தென்னோலைக் கூரை போட்டு, கழியால் தள்ளி, ருவன்வெல்ல, யட்டியந்தோட்டைப் பக்கம் வரை சாமான் ஏற்றிப் போயின. களு கங்கையில் இரத்தினபுரி வரை அப்படித்தான். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துச் சரக்கும் இவற்றிலேயே இறங்கியது. ஆற்றில் பாறை தொடங்கும் இடத்தில் படகின் வேலை முடியும். அங்கிருந்து மாடு.

பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். உப்பும் கருவாடும் புடவையும் மேலே வரும், பாக்கு கீழே இறங்கும். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்றே "மடிகே பத்த" என்ற பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தார்கள் என்பதை லோர்னா தேவராஜா அம்மையார் 1994இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கலகெதரப் பக்கம் போகிறவர்கள் மடிகே என்ற ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது சும்மா வந்த பெயரல்ல.

மலையில் உப்பு விளையாது. கடற்கரை முழுக்க எதிரி கையில். அப்போது உப்பைக் கொண்டுவரத் தெரிந்தவன்தான் நாட்டுக்கு முக்கியம். ஒல்லாந்தருக்கு இது நன்றாக விளங்கியது. 1659இல் அவர்கள் கற்பிட்டியைப் பிடித்து, பிறகு அங்கே கோட்டை கட்டினார்கள். வரைபடத்தில் பாருங்கள், புத்தளம் களப்பின் வாயில் அது உட்கார்ந்திருக்கிறது. களப்புக்குள் ஓடும் சின்னப் படகுகளைத் துரத்த அவர்களுடைய பெரிய கப்பல் உதவாது. வாசலில் காவல் வைப்பதுதான் வழி. 1766 ஒப்பந்தத்தில் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தபோதும், புத்தளம், சிலாபம் உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமையைக் கண்டி விடவில்லை.

ஆறு எப்படி அரணாக இருந்தது என்பதற்கு நம் ஊருக்குள்ளேயே ஒரு இடம் உண்டு. 1803 ஜூனில் கண்டியில் சரணடைந்த மேஜர் டேவியின் படை திருகோணமலைக்குப் போகப் புறப்பட்டு வட்டபுளுவயில் ஆற்றங்கரைக்கு வந்து நின்றது. ஆறு பெருக்கெடுத்திருந்தது, படகில்லை. தெப்பம் கட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்தக் கரையில்தான் அவர்கள் கதை முடிந்தது. அதே படையில் இருந்த மலாய்த் தளபதி நூருத்தீனும் அவர் சகோதரரும் கண்டி மன்னனிடம் சேர மறுத்ததால் கொல்லப்பட்டார்கள். வேறு மலாய்க்காரர்கள் மன்னனோடு சேர்ந்தார்கள். இரு பக்கமும் முஸ்லிம்கள்.

1833இல் பேராதனையில் ஆங்கிலேயர் முதிரை மரத்தால் 205 அடி நீளத்தில் ஒரே வளைவாகப் பாலம் போட்டார்கள். 1905இல் அது கழற்றப்பட்டு இரும்புப் பாலம் வந்தது. தெருவும் ரயிலும் வந்ததோடு தவளம் மெல்ல மறைந்தது, மாட்டுக்காரரின் பிள்ளைகள் கடைக்காரரானார்கள்.

அமிழ்வு குறைந்த கலத்தின் ஆபத்தையும் சொல்லாமல் விடமுடியாது. தட்டையானது, மேலே எவ்வளவும் ஏற்றலாம் போலத் தோன்றும். ஏற்றக்கூடாததை ஏற்றினால் கவிழும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியும் வரை ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட உயிர்களை இழந்தோம். நொக்ஸ் பார்த்த கண்டியில் மன்னன் வேண்டுமென்றே பாலம் கட்டாமல் விட்டான். நம் காலத்தில் கட்டத் தொடங்கியும் நேரத்துக்கு முடிக்காமல் விட்டார்கள். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக.

பதிலைக் கேட்ட மாணவன் இன்னொன்று கேட்டான். "அப்ப சேர், எங்களை மரக்கலயா எண்டு சொல்றதுக்குப் பதிலா மாட்டுக்காரன் எண்டுதானே சொல்லோணும்?" வகுப்பே சிரித்தது. நானும்தான். கண்டி முஸ்லிமைப் பொறுத்தவரை அது சரியான வரலாறு. படகு நம்மைக் கரைக்குக் கொண்டுவந்தது, மலைநாட்டவராக்கியது மாடு.

ஒரு வேண்டுகோள். அக்குறணை, மடவளை, கலகெதர, மாவனல்லை, உடுநுவரப் பக்கம் பழைய வீடுகளில் பொதிமாட்டின் வெண்கல மணியோ, பொதிச் சாக்கோ, மூத்தப்பா காலத்து உப்புக் கணக்குக் கொப்பியோ இருந்தால் படமெடுத்துக் கீழே போடுங்கள். எந்த வழியால் போனார்கள், எங்கே இரவு தங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகமிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளோடு சேர்ந்து புத்தளத்திலிருந்து கண்டி வரைக்கும் ஒரு தவள வரைபடம் கீற உத்தேசம்.