உண்ணி, மாடு, சர்க்கரை: ஒரு சின்ன வரலாறு

1/ ஓபியில "சர்க்கரை"ன்னாலே நீரிழிவுதான் பேச்சு. இது வேற சர்க்கரைங்க. உண்ணி பரப்புற ரத்த ஒட்டுண்ணிகள் தங்களோட புரதத்து மேல ஒட்டிக்கற (அல்லது ஒட்டாம விடற) சர்க்கரை. காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கம் சொசைட்டிக்குப் பால் ஊத்தறவங்க அவசியம் படிங்க.

2/ 1888, ருமேனியா. மாடுகளுக்குச் சிறுநீர் ரத்த நிறத்துல போகுது. விக்டர் பாபேஷ் அந்த மாடுகளோட சிவப்பணுவுக்குள்ள ஒரு கிருமியைப் பார்த்தார். அவர் பேருலதான் பபீசியா.

3/ அதே நேரம் அமெரிக்காவுல டெக்சாஸ் காய்ச்சல். "உண்ணிதான் காரணம்"னு மாட்டுக்காரங்க சொன்னதைப் படிச்சவங்க பலரும் நம்பல. தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் சோதிச்சாங்க. நோய் கொண்டுவர்ற மாட்டுல உண்ணியைக் கையால பொறுக்கிட்டு மத்த மாடுகளோட விட்டாங்க: நோய் பரவல. மாடே இல்லாம உண்ணியை மட்டும் புல்லுல போட்டாங்க: நோய் வந்துச்சு! 1893ல வெளியிட்டாங்க. செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ் கொசுவுல மலேரியாவைக் கண்டது அதுக்கப்புறம்தான், 1897ல.

4/ நம்ம ஊருக்கு வருவோம். ஜெர்சி, எச்எஃப் கலப்பினம் வந்து பால் கூடுச்சு. ஆனா பபீசியாவோட உறவுக்காரன் தைலேரியாவுக்கு, காங்கேயம் மாதிரி நாட்டு மாட்டை விட கலப்பினம் சீக்கிரம் விழுது. காய்ச்சல், நெறி கட்டறது, ரத்தசோகை. பூபார்வகோன் ஊசி ஆரம்பத்துலயே போட்டா நல்லா கேக்கும்.

5/ இப்ப சர்க்கரை. நம்ம செல், புரதத்து மேல 14 சர்க்கரை கொண்ட ஒரு கிளையை அப்படியே ஒட்டும். மலேரியாக் கிருமி ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கும். 2005ல தைலேரியா மரபணு வரிசை வந்தப்ப, அந்தக் கிளை கட்டற ஜீன்களே அதுல காணோம். முன்னோர்கிட்ட இருந்ததை வழியில தொலைச்சிருக்கு.

6/ இதனால என்ன? தடுப்பூசிங்க. ஹைதராபாத்துல தயாராகற ரக்ஷாவேக்-டி உயிருள்ள தடுப்பூசி. திரவ நைட்ரஜன்லயே வச்சிருக்கணும். கிராமத்துக்குக் கொண்டு போறது லேசு இல்ல. புரதம் மட்டும் வச்சு ஊசி செய்யலாம். ஆனா அதை ஈஸ்ட்ல தயாரிச்சா, ஈஸ்ட் தன் சர்க்கரையை ஒட்டி விட்டுடும். நிஜக் கிருமியில அது கிடையாது. அப்போ மாட்டோட உடம்பு வேற ஆளோட முகத்தைத்தான் மனப்பாடம் பண்ணும். மலேரியா ஆராய்ச்சியிலயும் இதே தலைவலி. சர்க்கரை ஒட்டற இடங்களையே மாத்தி எழுத வேண்டி வந்துச்சு.

7/ மனுஷனுக்கு? தைலேரியா வராது. பபீசியா அபூர்வமா வரும். முதல்ல பதிவானது 1957ல யூகோஸ்லாவியாவுல, மண்ணீரல் எடுக்கப்பட்ட ஒருத்தருக்கு. மண்ணீரல் எடுத்தவங்க உண்ணி கடிச்சுக் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லுங்க.

8/ மாட்டுக்கு நான் டாக்டர் இல்ல. ஆனா ஒண்ணு: உண்ணி இருக்கற கலப்பின மாடு காய்ச்சலோட தீவனம் எடுக்கலைன்னா, நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. அன்னைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. ஒரு மாடு போனா ஒரு குடும்பத்தோட மாச வருமானம் போகுதுங்க.